எட்டு ஃபேடரா, ஒன்றே ஒன்றா?

கேள்வி: வீட்டில் ரீப்பர் மென்பொருளில் பாட்டு ரெக்கார்டிங் செய்கிறேன். ஒரு பாட்டுக்கு 25, 30 டிராக் வரும். மவுஸால் வால்யூமை இழுத்து இழுத்து அலுத்துவிட்டது. கணினியில் இணைக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்று வாங்க நினைக்கிறேன். கோர்க் நானோகன்ட்ரோல் 2-இல் எட்டு ஃபேடர் (மேலும் கீழும் தள்ளும் வால்யூம் குமிழ்), விலையும் குறைவு. ப்ரிசோனஸ் ஃபேடர்போர்ட்டில் ஒன்றே ஒன்றுதான், விலையோ சில மடங்கு. எதை வாங்கலாம்? - மதுரை வாசகர்

பதில்: எண்ணிக்கையை ஒதுக்கி வையுங்கள். ஃபேடருக்கு மோட்டார் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நானோகன்ட்ரோலில் கிடையாது, ஃபேடர்போர்ட்டில் உண்டு.

மோட்டார் இல்லாவிட்டால் என்ன ஆகும்? நீங்கள் 1 முதல் 8 வரை உள்ள டிராக்குகளைச் சரிசெய்துவிட்டு 9 முதல் 16-க்கு மாறுகிறீர்கள். திரையில் குரல் டிராக் மைனஸ் 14 டெசிபலில் இருக்கிறது. கையில் உள்ள ஃபேடரோ முந்தைய டிராக்குக்கு வைத்த பூஜ்யம் டெசிபலிலேயே நிற்கிறது. லேசாகத் தொட்டாலும் குரல் ஒரே தாவலில் பூஜ்யத்துக்கு எகிறும்; ஹெட்ஃபோனில் இருப்பவர் காதைப் பொத்திக்கொள்வார். இதைத் தடுக்க ரீப்பரில் ஃபேடரை டிராக்கோடு இணைக்கும் லேர்ன் பெட்டியில் சாஃப்ட் டேக்ஓவர் என்ற தேர்வு இருக்கிறது, ஏபிள்டன் லைவ் மென்பொருளில் அதன் பெயர் பிக்அப். அதைப் போட்டால் உங்கள் ஃபேடர் மைனஸ் 14-ஐக் கடக்கும்வரை ஒன்றும் நடக்காது. தாவல் நின்றுவிடும். ஆனால் சரணம் தொடங்கும் இடத்தில் குரலை ஏற்ற நினைத்தால், ஃபேடர் அந்தப் புள்ளியைத் தேடிப் பிடிப்பதற்குள் முதல் இரண்டு சொல் போய்விடும்.

மோட்டார் உள்ள ஃபேடர் டிராக் மாறியதும் தானே ஓடிப்போய் சரியான இடத்தில் நிற்கும். விரல் பட்டதை உணரும் வசதியும் சேர்ந்தால்தான் ஆட்டோமேஷனில் (வால்யூம் ஏற்ற இறக்கத்தைப் பதிந்து வைத்து, பிறகு தானே நடத்தும் வசதி) டச் முறை ஒழுங்காக வேலை செய்யும்: தொட்டிருக்கும்வரை புதிதாக எழுதும், விட்டதும் பழைய கோட்டுக்குத் திரும்பும். ஒரு வரியை மட்டும் திருத்த இதைவிட வேகமான வழி இல்லை. யோசித்துப் பார்த்தால், குரலை ஏற்றி இறக்கும்போது ஒரு நேரத்தில் ஒரு டிராக்கைத்தானே பிடிக்கிறோம்? அதனால் என் ஓட்டு ஒற்றை மோட்டார் ஃபேடருக்கே.

நுணுக்கத்திலும் வித்தியாசம் உண்டு. இசைக் கருவியும் கணினியும் பேசிக்கொள்ளும் மொழி மிடி; அதில் ஃபேடர், குமிழ் நகர்வைச் சொல்லும் சாதாரண சிசி செய்தியில் 128 படிகள்தான். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் ஒரு படி ஏறக்குறைய 0.3 டெசிபல், காதுக்குத் தெரியாது. கீழே மைனஸ் 40-ஐத் தாண்டினால் ஒரு படியே ஒன்றரை டெசிபல் வரை போகலாம். மெதுவான ஃபேட்-அவுட் படிக்கட்டில் இறங்குவது போல் கேட்கும். பல பெட்டிகளும் மென்பொருள்களும் பேசும் மேக்கி கன்ட்ரோல் முறையில், ஃபேடர் நகர்வு பிட்ச் பெண்ட் என்ற இன்னொரு வகை மிடி செய்தியாகப் போகிறது. அந்த வகைப் பெட்டிகள் பலவற்றில் 1,024 படி கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை. மேக்கி முறை எட்டுச் சேனல் பலகைக்காக உருவானது. ஒற்றை ஃபேடர் பெட்டி அந்த முறையில் ஓடும்போது, திரையில் நீங்கள் கிளிக் செய்த டிராக்குக்குத் தானே போகாமல், சேனல் பட்டனை ஒவ்வொன்றாக அழுத்தி நகரும்படி ஆகலாம். 30 டிராக்கில் அது மவுஸைவிடத் தொல்லை. உங்கள் ரீப்பரில் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

கேள்வி: பெரிஞ்சர் எக்ஸ்-டச் என்ற மோட்டார் ஃபேடர் பெட்டியை வாங்கி க்யூபேஸ் ரெக்கார்டிங் மென்பொருளில் இணைத்தேன். ஃபேடரை நகர்த்தினால் திரையில் நகர்கிறது. திரையில் நகர்த்தினால் மோட்டார் அசையவில்லை. போதாக்குறைக்கு, பியானோ டிராக்கில் நான் வாசிக்காத நோட்டுகள் பதிவாகின்றன. - கோவை வாசகர்

பதில்: இரண்டும் வெவ்வேறு கோளாறு. முதலாவது, க்யூபேஸின் ஸ்டுடியோ செட்டப்பில் மேக்கி கன்ட்ரோல் சேர்த்தபோது மிடி இன்புட்டை மட்டும் தேர்ந்து அவுட்புட்டை விட்டிருப்பீர்கள். பெட்டிக்குத் திரும்பிப் போக வழியில்லை, அதனால் மோட்டாருக்குக் கட்டளை வரவில்லை. அதன் பிறகும் அசையவில்லை என்றால், முதல் சேனலின் செலக்ட் பட்டனை அழுத்தியபடி பவர் போடுங்கள். வரும் மெனுவில் முறை எம்சி (மேக்கி கன்ட்ரோல்) என்றும் இணைப்பு யுஎஸ்பி என்றும் இருக்க வேண்டும்.

இரண்டாவது வேடிக்கையானது. மேக்கி முறையில் பட்டன்கள் எல்லாமே மிடி நோட்டுகள்தான். பிளே பட்டன் 94-ஆம் நோட்டு, ஸ்டாப் 93, ரெக்கார்ட் 95. முதல் ஃபேடரில் விரல் வைத்தாலே 104 போகும். உங்கள் பியானோ டிராக்கின் இன்புட் 'ஆல் மிடி இன்புட்ஸ்' என்று இருப்பதால் அதுவும் சேர்ந்து பதிவாகிறது. ஸ்டுடியோ செட்டப்பில் மிடி போர்ட் பட்டியலைத் திறந்து, எக்ஸ்-டச் இன்புட்டுக்கு நேராக உள்ள 'ஆல் மிடி' டிக்கை எடுத்துவிடுங்கள்.

கேள்வி: மோட்டார் ஃபேடர் பிடித்திருக்கும்போதே கையை எதிர்த்து இழுக்கிறது. மோட்டார் போய்விட்டதா? - நாகர்கோவில் வாசகர்

பதில்: மோட்டார் நன்றாக இருப்பதால்தான் இழுக்கிறது! விரல் பட்டது அதற்குத் தெரியவில்லை. நகத்தால் தள்ளினாலோ விரல் மிகவும் வறண்டிருந்தாலோ இப்படி ஆகும். விரல் நுனியின் சதை படும்படி பிடியுங்கள். அப்போதும் எதிர்த்தால், குமிழ் தண்டில் முழுதாக இறங்கியிருக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள். டபிள்யூடி-40 எண்ணெய் ஸ்ப்ரே அடிக்கும் யோசனை வேண்டாம், தடத்தின் கிரீஸைக் கரைத்துவிடும். வேலை முடிந்ததும் ஒரு துணி போட்டு மூடினால் தூசி இறங்காது. இன்னொன்று: மைக் இருக்கும் அதே அறையில் குரல் பதியும்போது ஆட்டோமேஷன் ஓடினால், மோட்டாரின் கிர்ர் சத்தமும் பதிவாகும்.

கேள்வி: என் மிடி கீபோர்டிலேயே எட்டு ஃபேடர் இருக்கிறது, மோட்டார் இல்லை. அது வீணா? - திருச்சி வாசகர்

பதில்: வீணே இல்லை. வயலின் கூட்டிசை லைப்ரரி (பதிவு செய்த வாத்திய ஒலித் தொகுப்பு) வாசிக்கிறீர்களா? ஒரு ஃபேடரை சிசி 1-க்கும் (மாடுலேஷன்) அடுத்ததை சிசி 11-க்கும் (எக்ஸ்பிரஷன்) கொடுங்கள். இடது கையால் இரண்டையும் ஏற்றி இறக்கியபடி வலது கையால் வாசிக்கலாம். இந்த வேலைக்கு மோட்டார் இருந்தால்தான் இடைஞ்சல்.