சிறிய பேஸ் ஆம்ப்: எதைத் தேர்வது?

கேள்வி: வீட்டுப் பயிற்சிக்கு ஃபெண்டர் ரம்பிள் 40, ஆம்பெக் பிஏ-110 ஆகிய பேஸ் கிட்டார் ஆம்ப்ளிஃபயர்களில் எதன் தொனி மேலானது?

பதில்: இரண்டும் 40 வாட் திறனும் 10 அங்குல ஸ்பீக்கரும் கொண்டவை என்பதால், வேறுபாட்டை ஈக்வலைசரில்தான் (தாழ், நடு, உயர் ஒலிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் குமிழ்களில்) தேட வேண்டும். ரம்பிளில் நடு ஒலிகளுக்குக் கீழ்நடு, மேல்நடு என இரு குமிழ்கள் இருப்பதால், குழுவாக வாசிக்கையில் பேஸ் மற்றக் கருவிகளுக்குள் அமிழாதபடி நுட்பமாகச் சரிசெய்யலாம். ஆம்பெக்கில் அவ்வேலைக்கு ஒரே குமிழ்தான். என் தேர்வு ரம்பிளே. எதைத் தேர்ந்தாலும் ஒன்றை நினைவில் கொள்ளுங்கள்: பேஸ் கிட்டாரின் மிகத் தடித்த தந்தியான ‘E’-யை விரலால் அழுத்தாமல் மீட்டினால், அதன் அடிப்படை அதிர்வெண் ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸ். இத்தகைய சிறிய பெட்டி அதை முழுமையாக எழுப்பாது, அடிப்படை அதிர்வெண்ணோடு சேர்ந்து எழும் உயர் அதிர்வெண்களான மேற்சுரங்களைக் கொண்டே நம் செவி அதை உணர்கிறது. ஆகவே பேஸ் குமிழை முழுவதும் திருப்பினால் ஒலி கலங்குமே தவிர ஆழமாகாது. கடையில் எல்லாக் குமிழ்களையும் நடுவில் வைத்து, உங்கள் சொந்தக் கிட்டாரைக் கொண்டு, ஒரே ஒலியளவில் இரண்டையும் வாசித்துக் கேளுங்கள்.