அதிகம் அறியப்படாத மாங்கா என்று எதைச் சொல்கிறார்கள்?

மாங்கா என்பது ஜப்பானியச் சித்திரக்கதை. ஜப்பானுக்கு வெளியே பரவலாகப் போய்ச் சேராத தொடர்களைத்தான் பொதுவாக அதிகம் அறியப்படாதவை என்கிறோம்.

முக்கியக் காரணம் அனிமே, அதாவது ஜப்பானிய அசைபடம். ஒரு கதை தொலைக்காட்சியில் அனிமே தொடராக வந்துவிட்டால் மொழிபெயர்ப்பும் விற்பனையும் பின்னாலேயே வரும். இல்லையென்றால் பெரும்பாலும் அது தொடராக வந்த ஜப்பானிய இதழோடு தங்கிவிடும். பெரிய சாலையில் இருக்கும் கடையையும் சந்துக்குள் இருக்கும் கடையையும் போல: சரக்கு ஒன்றேயானாலும் கண்ணில் படுவது முன்னதுதான்.

நான் எல்லோரிடமும் சொல்லிச் சலிக்காத தொடர், ஹிதோஷி அஷினானோவின் 'யோகோஹாமா கைதாஷி கிகோ'. 1994 முதல் 2006 வரை வந்தது, 14 தொகுதிகள். கடல் மெல்ல நிலத்தை விழுங்கும் எதிர்காலத்தில், மனித உருவ ரோபோவான ஒரு பெண் காப்பிக் கடை நடத்துகிறாள். சண்டை இல்லை, வில்லன் இல்லை. அனிமே என்றால், வீடியோவாகச் சில பகுதிகள் வெளிவந்ததோடு சரி. அதிகாரபூர்வ ஆங்கிலப் பதிப்பு 2022இல்தான் தொடங்கியது. அதிரடிப் பிரியரிடம் இதை நீட்டாதீர்கள், பாவம், கொட்டாவி விடுவார்.

பெயர் கேள்விப்படாத தொடர் என்றாலே தரம் குறைந்தது என்று பலர் நினைக்கிறார்கள். இதுவோ 2007இல் ஜப்பானின் அறிவியல் புனைவுக்கான செய்யுன் விருதைப் பெற்றது.