ஆயுசு கெட்டி, முட்டிதான் கெட்டியில்லை: வாசகர் கேள்வி பதில்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து ஆயுள், உடல் இயலாமை, குடிநீர் குறித்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

எங்கள் தெருவில் எண்பது தாண்டியவர்கள் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். பாதிப் பேர் திண்ணையை விட்டு இறங்குவதில்லை. அரசு சொல்லும் சராசரி ஆயுளில் இது எங்கே வருகிறது? (அரூர் வாசகர்)

எங்கேயும் வராது. சராசரி ஆயுள் சாவை மட்டும் எண்ணும் கணக்கு. கட்டிலில் கிடந்தாலும் காடு உழுதாலும் அதற்கு ஒன்றுதான்.

இந்தக் குறையைச் சரிக்கட்ட வந்தவைதான் நலமான ஆயுட்காலமும் இயலாமையற்ற ஆயுட்காலமும். உலக சுகாதார நிறுவனக் கணக்கில் 2019-இல் இந்தியரின் சராசரி ஆயுள் 70.8; நலமான ஆயுள் 60.3. இடையிலுள்ள பத்தரை வருடமும் படுக்கை என்று அர்த்தமில்லை. காது மந்தம், சர்க்கரை, மனச்சோர்வு என ஒவ்வொன்றுக்கும் ஓர் எடை போட்டு, எல்லா வயதிலிருந்தும் சேர்த்துக் கழித்தது அது.

இயலாமையற்ற ஆயுளுக்குச் சல்லிவன் முறை போதும். 1971-இல் வந்தது, இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அறுபது வயதில் 1,000 பேர் என்று வையுங்கள். 60 முதல் 64 வரை இவர்கள் எல்லாரும் சேர்ந்து வாழ்ந்தது 4,800 வருடம். அந்த வயதுக்காரர்களில் நூற்றுக்கு 25 பேருக்கு நடக்கவோ பார்க்கவோ கடும் சிரமம். கால் பங்கைக் கழித்தால் 3,600. அடுத்தடுத்த வயது அடுக்குகளிலும் இப்படியே கழித்து, மிச்சத்தைக் கூட்டி, 1,000-ஆல் வகுத்தால் அறுபது வயதுக்காரர் இனி எத்தனை வருடம் தன் காலில் நிற்பார் என்பது வரும்.

பணக்கார நாடுகளில் ஏழைக்கும் வசதியானவருக்கும் ஆயுளில் ஏற்றத்தாழ்வு இல்லைதானே? (ஓசூர் வாசகி)

இருக்கிறது. இங்கிலாந்தில் 2010-இல் வெளியான மார்மட் குழு அறிக்கையில், ஏழைப் பகுதிகளுக்கும் வசதியான பகுதிகளுக்கும் ஆயுளில் இடைவெளி 7 வருடம். இயலாமையற்ற ஆயுளில் 17 வருடம். சாவுக் கணக்கு மறைப்பதை இரண்டாவது எண் காட்டிக் கொடுத்துவிடுகிறது.

மாவட்ட அளவில் இயலாமையற்ற ஆயுள் எண் கிடைக்கவில்லை. நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களை வைத்து ஓர் ஊராட்சிக்குக் கணக்கிட முடியுமா? (கிருஷ்ணகிரி கல்லூரி ஆசிரியர்)

முடியும், ஆனால் பொறுமை வேண்டும். எந்த வயதில் எத்தனை பேர் இறக்கிறார்கள் என்று காட்டும் ஆயுள் அட்டவணைகள், சில இடங்களை மட்டும் மாதிரியாக எடுத்துப் பிறப்பு இறப்பை எண்ணும் மாதிரிப் பதிவுத் திட்டத்திலிருந்து மாநில அளவில்தான் வருகின்றன. மாவட்டத்துக்கு அந்த மாதிரி போதாது. ஓர் ஊராட்சியில் ஒரு வருடச் சாவுகளும் போதாது. ஐந்து வருடத்தைச் சேர்த்து எடுங்கள். பிறப்பிலிருந்து தொடங்காமல் அறுபது வயதிலிருந்து தொடங்கினால் எண் ஓரளவு நிலையாக நிற்கும்.

பதிவேட்டை அப்படியே நம்பினால் மோசம் போவீர்கள். இறப்பு எங்கே நிகழ்ந்ததோ அங்கேதான் பதிவாகும். தர்மபுரி, சேலம் ஆஸ்பத்திரிகளில் இறந்தவர்கள் உங்கள் ஊர் ஏட்டில் இருக்க மாட்டார்கள். அந்தக் கணக்கில் ஊரே சாகாவரம் பெற்றதுபோல் தெரியும். வீடு வீடாகக் கேட்டுத்தான் சரிபார்க்க வேண்டும். அடுத்த சிக்கல் வயது. அறுபது, அறுபத்தைந்து, எழுபது என்று உருட்டித்தான் சொல்வார்கள். ஐந்து வருட அடுக்கை 60–64 என்று வைத்தால் 58-ம் 59-ம் அதில் வந்து விழும். மூத்த பிள்ளையின் வயது, கல்யாண வருடம் கேட்டுத் திருத்துங்கள். பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போனவர்களை ஊர்க் கணக்கில் சேர்ப்பதா என்பதை முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள்; திடமானவர்கள் வெளியே, நோயில் திரும்பியவர்கள் உள்ளே என்றால் எண் கோணிவிடும்.

“ஊனம் இருக்கிறதா?” என்று கேட்காதீர்கள், பாதிப் பேர் இல்லை என்பார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் 2.21 சதவீதம்தான் வந்தது என்பதற்குக் கேட்ட விதமும் ஒரு காரணம். இயலாமையைக் கணக்கெடுக்கப் பல நாடுகள் பயன்படுத்தும் வாஷிங்டன் குழுவின் ஆறு கேள்விகளைக் கேளுங்கள்: பார்ப்பது, கேட்பது, நடப்பது, ஞாபகம், தானே குளித்து உடுத்துவது, பேசிப் புரியவைப்பது. சிரமமில்லை, கொஞ்சம் சிரமம், ரொம்பச் சிரமம், முடியவே முடியாது என நான்கு பதில்கள். கடைசி இரண்டில் ஏதாவது ஒன்று வந்தால் இயலாமை என்று குறியுங்கள். அம்மாவுக்காக மருமகள் பதில் சொன்னால் தாளில் தனியாகக் குறிப்பு வேண்டும்.

எங்கள் பக்கம் ஐம்பதிலேயே குனிய முடியவில்லை. பல்லெல்லாம் பழுப்பு. போர் தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்கிறோம். போதுமா? (பென்னாகரம் வாசகி)

போதாது அம்மா. பழுப்புப் பல்லும் குனிய முடியாத முதுகும் தண்ணீரில் கரைந்த ஃப்ளோரைடு என்ற உப்பால் வரும் ஃப்ளோரோசிஸ் நோயாக இருக்கலாம். காய்ச்சுவதால் நிலைமை கூடுதலாகவே கெடும். தண்ணீர் ஆவியாகும், ஃப்ளோரைடு ஆகாது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் உள்ள இரண்டு லிட்டரை ஒன்றரை லிட்டராகச் சுண்டக் காய்ச்சினால் அது 2 மில்லிகிராம். இந்தியத் தர நிர்ணயப்படி 1 வரை ஏற்கலாம். வேறு தண்ணீரே இல்லையென்றால் 1.5 வரை.

நம் கெட்டிப் பாறையில் ஃப்ளோரைடு தாதுக்கள் உண்டு. ஆழ்துளையில் நெடுநாள் பாறையோடு கிடந்த தண்ணீரில் அது கரைந்து வரும். நிறமும் ருசியும் காட்டிக் கொடுக்காது. ஆளைக் கொல்லாது, இறுக்கிவிடும். அதனால்தான் சாவுக் கணக்கில் நம் மாவட்டங்களின் இந்த நோய் கண்ணில் படுவதே இல்லை.

வீட்டிலேயே மூன்று சோதனை செய்யலாம்: முழங்காலை மடக்காமல் குனிந்து கால் விரலைத் தொடுவது, தாடையை நெஞ்சில் படவைப்பது, கையை நீட்டி மடக்கிப் பின்தலையைத் தொடுவது. முடியாவிட்டால் டாக்டரிடம் போங்கள். முன்கை எக்ஸ்ரேயும் சிறுநீர் ஃப்ளோரைடு சோதனையும்தான் உறுதி சொல்லும். சாதாரண மூட்டுத் தேய்மானமும் இதே வயதில்தான் வரும். பல் கறை எட்டு வயதுக்குள் குடித்த தண்ணீரின் அடையாளம். இப்போது தண்ணீரை மாற்றினால் பெரியவர்களின் கறை போகாது, பிள்ளைகளுக்கு வராது.

தண்ணீரைச் சோதிக்க: பம்பைச் சில நிமிடம் ஓடவிட்டு, ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் பிடியுங்கள். கண்ணாடி வேண்டாம், ஃப்ளோரைடு கண்ணாடியோடு வினைபுரியும். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுங்கள். கோடைக் கடைசியில் ஒன்று, மழைக்குப் பின் ஒன்று.

ஜப்பான் கடனுதவியில் வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கப்பட்டதே இதற்காகத்தான். ஆனால் வரத்து குறைந்த நாளில் மேல்நிலைத் தொட்டியில் உள்ளூர் போர் தண்ணீரைக் கலந்தால் பலன் பாதியாகிவிடும். ஆகவே தொட்டியில் எடுக்காமல் உங்கள் வீட்டுக் குழாயில் எடுத்துச் சோதியுங்கள். காவிரித் தண்ணீர் குறைவாக வந்தால் முதலில் குடிக்க, பிறகு சோறு, களி, குழம்பு ஆக்க. களி ஊற்றிய தண்ணீரையெல்லாம் குடித்துக்கொள்ளும். குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவப் போர் தண்ணீரே போதும். மெழுகுவத்திபோல் இருக்கும் கேண்டில் ஃபில்டர் ஃப்ளோரைடை நீக்காது, ஆர்.ஓ. நீக்கும், சவ்வு பழசானால் அதுவும் விட்டுவிடும். கேழ்வரகை விடாதீர்கள்: அதன் கால்சியம் குடலிலேயே ஃப்ளோரைடைக் கொஞ்சம் பிடித்து வைக்கும். கடுந்தேநீரைக் குறையுங்கள், தேயிலையிலும் ஃப்ளோரைடு உண்டு.

வீடு தேடி மாத்திரை வருகிறது. இதனால் நலமான ஆயுள் கூடுமா? (சூளகிரி வாசகர்)

மக்களைத் தேடி மருத்துவம் 5.8.2021 அன்று உங்கள் வட்டாரத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. இரத்த அழுத்த மாத்திரையை விடாமல் போட்டால் பக்கவாதம் குறையும். பக்கவாதம் சாவையும் தரும், கிடையையும் தரும். அதனால் இரண்டு கணக்கும் ஏறும். தலைசுற்றல் நின்றுவிட்டது என்று மாத்திரையை நிறுத்துவதுதான் வழக்கமான தப்பு.

ஃப்ளோரைடால் முதுகு இறுகியவருக்கு மாற்றுத்திறனாளி அட்டை கிடைக்குமா? (பாலக்கோடு வாசகர்)

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் இந்த நோயின் பெயர் தனியாக இல்லை. கை, கால் இயக்கக் குறைபாடு என்ற வகையில் விண்ணப்பியுங்கள். மூட்டு எவ்வளவு மடங்குகிறது, தசை வலு எவ்வளவு என்று அளந்து சதவீதம் போடுவார்கள். சலுகைகளுக்குப் பொதுவாக 40 சதவீதம் வேண்டும். எக்ஸ்ரேயையும் பழைய சீட்டுகளையும் கொண்டு போங்கள். வலி மட்டும் இருந்தால் கணக்கில் சேராது. மூட்டும் முதுகும் எவ்வளவு இறுகியிருக்கின்றன, எக்ஸ்ரேயில் என்ன தெரிகிறது என்பதையும் பார்ப்பார்கள். அதனால் அளக்கும்போது வலிக்கிறது என்பதோடு நிறுத்தாமல், எதுவரை மடக்க முடிகிறது என்பதைச் செய்து காட்டச் சொல்லுங்கள்.