டகோட்டா ஏன் இன்னும் பறக்கிறது?

பழைய விமானங்களின் ஆயுள் குறித்து உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, விமானப் பராமரிப்புத் துறையில் பணியாற்றிய மூத்த உறுப்பினர் ஒருவர் பதில் அளிக்கிறார்.

கேள்வி: டக்ளஸ் டிசி-3 முதலில் பறந்தது 1935இல். போர்க்காலத்தில் டகோட்டா என்று பெயர் பெற்ற அந்த ரகத்தை இன்றும் நம்பி ஏறலாமா?

பதில்: பராமரிப்புப் பதிவேடு ஒழுங்காக இருந்தால் நான் ஏறுவேன். விமான உலோகத்தின் வயதைப் பிறந்த தேதியை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. எத்தனை முறை இழுபட்டுத் தளர்ந்தது என்பதே முக்கியம். ஜெட் பயணிகள் விமானத்தின் உடல் ஒவ்வொரு பயணத்திலும் உள்ளே ஏற்றும் காற்றழுத்தத்தால் சற்று விரிந்து சுருங்குகிறது. அந்தச் சோர்வால்தான் 1954இல் பிரிட்டனின் இரண்டு காமெட் ஜெட் பயணிகள் விமானங்கள் நடுவானில் சிதறின. டகோட்டா தாழப் பறப்பது. அதன் அறைக்குள் காற்றழுத்தம் ஏற்றுவதே இல்லை. இறக்கையும் அப்படித்தான்: சுமை ஒரே சட்டத்தில் விழாமல் பல சிற்றறைகளுக்குப் பரவும்படி கட்டியிருக்கிறார்கள்.

கேள்வி: அப்படியானால் அதற்குச் சாவே கிடையாதா?

பதில்: உலோக அரிப்பு இருக்கிறதே! உப்புக் காற்றில் கவனிப்பாரின்றி நிற்கும் விமானம்தான் எனக்குக் கவலை தரும். தினமும் பறப்பதை யாராவது தினமும் பார்ப்பார்கள்.

கேள்வி: உதிரிபாகங்கள்?

பதில்: பத்தாயிரத்துக்கும் மேல் தயாரான விமானம் என்பதால் அது அவ்வளவு பெரிய தலைவலி இல்லை. எரிபொருள்தான் தொல்லை. 14 சிலிண்டர் பிஸ்டன் இன்ஜினுக்கு விமான பெட்ரோல் வேண்டும். ஜெட் எரிபொருள் மட்டுமே கிடைக்கும் நிலையங்கள் ஏராளம். அமெரிக்காவின் ஆஷ்காஷ் நகரில் உள்ள பாஸ்லர் நிறுவனம் உடலைச் சுமார் ஒரு மீட்டர் நீட்டி, ஜெட் எரிபொருளில் ஓடும் டர்பைன் இன்ஜின் பொருத்தித் தருகிறது. அவை பனிச்சறுக்குக் கட்டைகளோடு அண்டார்டிகாவில் இறங்குகின்றன.

கேள்வி: இந்தியாவில்?

பதில்: விமானப்படையிடம் ‘பரசுராமா’ என்ற டகோட்டா இருக்கிறது. பிரிட்டனில் புதுப்பிக்கப்பட்டு, 2018இல் அங்கிருந்து பறந்தே வந்தது. 1947 அக்டோபர் 27 அன்று ஸ்ரீநகரில் படையினரை இறக்கிய டகோட்டாவின் வி.பி. 905 என்ற எண்ணைத் தாங்கியிருக்கிறது. எண்தான் அது, விமானம் வேறு.

கேள்வி: சும்மா நிற்பது கெடுதல் என்கிறீர்கள். அமெரிக்காவின் பி-52 குண்டுவீச்சு விமானங்கள் பல காலம் தரையில்தானே தயார்நிலையில் நின்றன?

பதில்: நல்ல கிடுக்கிப்பிடி! நின்றன, ஆனால் கேட்பாரற்று நிற்கவில்லை. எந்த நிமிடமும் கிளம்ப வேண்டும் என்பதால் ஓயாமல் கவனித்தார்கள். பறந்த மணிநேரமும் குறைந்தது. காற்றழுத்தம் ஏற்றுவது முன்பக்கத்தில் குழுவினர் அமரும் பகுதியில் மட்டும்தான். கடைசி பி-52 தயாரானது 1962இல். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பணிமனையில் பிரித்துப் பார்க்கிறார்கள். இப்போது ரோல்ஸ்ராய்ஸ் இன்ஜின்கள் பொருத்தி 2050க்குப் பிறகும் ஓட்டத் திட்டமிட்டிருக்கிறார்கள். அவ்வளவு செலவழிக்க அரசாங்கத்தால்தான் முடியும்.