உற்பத்தித் தொழில்கள் ஒரு நாட்டுக்கு என்ன செய்கின்றன?

முக்கியமான உற்பத்தித் தொழில்கள் எவை, பொருளாதாரத்தில் அவற்றின் பங்கு என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். எஃகு, ரசாயனம், சிமென்ட், ஜவுளி, வாகனம், மின்னணு என்று பட்டியல் போட்டுவிடலாம். ஆனால் இவை ஒன்றையொன்று எப்படித் தாங்குகின்றன என்று பார்த்தால்தான் விஷயம் பிடிபடும்.

தென் கொரியாவைப் பாருங்கள். 1968-இல் போஸ்கோ எஃகு நிறுவனம் தொடங்கியபோது அங்கே போதிய இரும்புத் தாதும் இல்லை, பணமும் இல்லை. உலக வங்கியே அந்தத் திட்டத்துக்குக் கைகொடுக்கவில்லை. முன்பு கொரியாவை ஆண்டதற்காக ஜப்பான் தந்த இழப்பீட்டுப் பணமும் தொழில்நுட்பமும்தான் உதவின. 1973-இல் போஹாங் நகரில் போஸ்கோவின் ஆலை ஓட ஆரம்பித்தது. அப்புறம் கப்பல் கட்டும் தொழிலும் கார் தொழிலும் அந்த எஃகை நம்பியே வளர்ந்தன. என்னைப் பொறுத்தவரை இந்தச் சங்கிலித்தொடர்தான் உற்பத்தித் துறையின் உண்மையான பலம். ஒரு காரில் ஏறக்குறைய 30,000 பாகங்கள் இருக்கும். கண்ணாடி, ரப்பர், பெயின்ட், வயர் என்று எத்தனையோ சிறு தொழிற்சாலைகளுக்கு அதிலிருந்து வேலை கிடைக்கிறது.

ஜவுளி வேறு மாதிரி. முதலீடு குறைவு, ஆள்தேவை அதிகம். அதனால்தான் பல நாடுகளும் அதில்தான் முதல் அடி எடுத்துவைத்தன. வங்கதேசத்தின் ஏற்றுமதி வருமானத்தில் 80 சதவீதத்துக்கும் மேல் ஆயத்த ஆடைகளிலிருந்து வருகிறது. அன்னியச் செலாவணி வருவது நல்லதுதான், ஆனால் ஒரே தொழிலை இவ்வளவு நம்பியிருப்பது ஆபத்து. வெளிநாட்டில் ஆர்டர் குறைந்தால் லட்சக்கணக்கான குடும்பங்களின் சம்பளம் உடனே அடிவாங்கும்.