சம்பளத்துக்கு எழுதிய மென்பொருள் கோடு நம் பங்களிப்பாகுமா?

வணக்கம் நண்பரே. கும்பகோணத்தில் வீட்டிலிருந்தபடி கம்பெனி வேலையாக லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்குப் பேட்ச், அதாவது கோடில் செய்த திருத்தம், அனுப்புகிறீர்கள். சம்பளம் வாங்கிச் செய்தது உங்கள் பங்களிப்பில் சேராது என்று தஞ்சாவூர் நண்பர்கள் சொல்கிறார்கள், சரியா என்று கேட்டிருந்தீர்கள்.

தாராளமாக உங்கள் பங்களிப்பு என்றே சொல்லுங்கள். சுவாமிமலை ஸ்தபதி கூலிக்குத்தான் சிலை வார்க்கிறார். அது அவர் கைவேலை இல்லை என்று யாரும் சொல்வதில்லையே.

உரிமை மட்டும் வேறு விஷயம். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, வேலையின் பகுதியாக எழுதியதற்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, முதலாளிதான் முதல் உரிமையாளர். ஆனால் உங்கள் காமிட்டை, அதாவது அந்தத் திருத்தத்தின் பதிவை, திறந்து பாருங்கள். ‘ஆத்தர்’ என்ற இடத்தில் உங்கள் பெயர், பக்கத்தில் கம்பெனி மின்னஞ்சல். கீழே ‘சைன்ட்-ஆஃப்-பை’ வரி. 2004-இல் கெர்னலில் வந்த அந்த வரி, இதை அனுப்ப எனக்கு உரிமை உண்டு என்று நீங்களே தரும் உறுதி. கெர்னலைப் பராமரிப்பவர்கள் குறை சொன்னால் திருத்தித் திரும்ப அனுப்புவதும் நீங்கள்தான். அப்பாச்சி என்ற திறமூல மென்பொருள் அறக்கட்டளையிலும், கோடை நேரடியாகச் சேர்க்கும் காமிட் உரிமை ஆளுக்குத்தான், கம்பெனிக்கு இல்லை; வேலை மாறினாலும் கூடவே வரும்.

‘தன்னார்வம்’ என்று மட்டும் போடாதீர்கள். ராத்திரி கண்விழித்துச் சும்மா செய்து தருபவர்களுக்கு அது நியாயமில்லை.

அப்புறம், ஞாயிற்றுக்கிழமை சொந்தமாக எழுதுவதற்கு, அந்தக் கோடு இருக்கும் ரெப்போவில் (களஞ்சியத்தில்) மட்டும் ‘கிட் கன்ஃபிக்’ கட்டளை மூலம் சொந்த மின்னஞ்சலை வையுங்கள். அதற்கு முன் வேலை ஒப்பந்தத்தைப் படியுங்கள். சொந்த நேரத்தில் எழுதுவதும் கம்பெனிக்கே என்று சிலவற்றில் இருக்கும், இருந்தால் எச்.ஆரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள்.