தானே ஓடும் காரும் நாம் நடக்கும் சாலையும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: தானே ஓடும் கார்களை மக்கள் நடமாடும் நகரச் சாலைகளில்தான் சோதிக்க வேண்டுமா? இதற்கென்று அமைத்த தனித் தளத்திலேயே சோதனையை முடித்துவிடக் கூடாதா?

பதில்: தனித் தளத்தில் தொடங்குவதே முறை. அமெரிக்காவில் மிஷிகன் பல்கலைக்கழகம் 2015-இல் திறந்த எம்சிட்டி, சந்திப்புகளும் சிக்னல்களும் கொண்ட ஒரு மாதிரி நகரமே. ஆனால் பாதசாரிக்குப் பதிலாகக் குறுக்கே விடப்படும் பொம்மை எந்த நொடியில் வரும் என்பது அங்கே சோதிப்பவருக்கு முன்கூட்டியே தெரியும். நகரச் சாலையில் அப்படி எதுவும் சொல்லிக்கொண்டு வருவதில்லை. ஆகவே ஒரு கட்டத்தில் சாலைக்கு வந்தே ஆக வேண்டும். எந்த ஏற்பாட்டோடு வருகிறார்கள் என்பதுதான் என் கவலை.

2018 மார்ச் 18 இரவு, அரிசோனா மாநிலத்தின் டெம்பி நகரில், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண்மீது ஊபர் நிறுவனத்தின் சோதனைக் கார் மோதியது, அவர் உயிரிழந்தார். மோதுவதற்கு ஐந்து நொடிகளுக்கும் மேலாகவே காரின் ரேடார் அவரைக் கண்டுவிட்டது என்பது விசாரணையில் தெரியவந்தது. ஆனால் மென்பொருள் அவரை ஒரு கணம் வாகனம் என்றும், மறுகணம் இன்னதென்று தெரியாத பொருள் என்றும், பிறகு சைக்கிள் என்றும் மாற்றி மாற்றி வகைப்படுத்தியது. வகை மாறும்போதெல்லாம் அவர் அதுவரை நகர்ந்து வந்த தடத்தைக் கணக்கிலிருந்து விட்டுவிட்டதால், அவர் காரின் பாதைக்குள் வரப்போகிறார் என்பதை அதனால் உரிய நேரத்தில் ஊகிக்க முடியவில்லை. கண்காணிப்பதற்காக இருக்கையில் இருந்தவரோ கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மணிக்கணக்காக எதுவும் செய்யாமல் விழிப்போடு மட்டும் இருக்கச் சொன்னால், எவருடைய கவனமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். எனவே இருவரை உட்கார வைப்பதும், ஓட்டுநரின் பார்வையைக் கேமரா மூலம் உடனுக்குடன் கவனிப்பதும் செலவு பார்த்துத் தள்ளிவிடக் கூடியவை அல்ல. சாலையைக் கடப்பவர் இந்தச் சோதனைக்குச் சம்மதம் தந்தவர் அல்லர் என்பதை மறக்கவே கூடாது.

கேள்வி: சிக்னலே காருக்குத் தகவல் அனுப்பும் என்கிறார்களே, அப்படியானால் காருக்குக் கேமரா எதற்கு?

பதில்: ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரம் தன் மையப் பகுதியில் சுமார் 9 கிலோமீட்டர் நீளத்துக்கு இத்தகைய சோதனைத் தடத்தை அமைத்தது. அங்குள்ள சிக்னல்கள் தம் நிலையைக் குறுந்தொலைவு வானொலி அலைகளில் அறிவிக்கின்றன. பொதுவாக இவ்வகைச் செய்திகள் இரண்டு: சந்திப்பின் தடங்கள் எப்படி அமைந்துள்ளன என்பது ஒன்று, எந்தத் தடத்துக்கு இப்போது என்ன விளக்கு, அது எப்போது மாறக்கூடும் என்பது மற்றொன்று. முன்னால் பெரிய லாரி நின்று விளக்கை மறைத்தாலும், காருக்கு அது சிவப்பா பச்சையா என்பது தெரிந்துவிடும்.

ஆனால் "எப்போது மாறும்" என்பது பல இடங்களில் கணிப்பு மட்டுமே. போக்குவரத்துக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் சிக்னலில், ஒரு பேருந்து வந்தாலோ பாதசாரி ஒருவர் பொத்தானை அழுத்தினாலோ, பன்னிரண்டு நொடி என்று அறிவித்த பச்சை ஐந்தே நொடியில் முடிந்துவிடலாம். மேலும், பந்தைத் துரத்தி ஓடிவரும் குழந்தையிடம் செய்தி அனுப்பும் கருவி எதுவும் இல்லை. அந்தக் குழந்தையைக் கார் கேமரா, ரேடார் போன்ற தன் உணரிகளால்தான் கண்டறிய வேண்டும்.

கேள்வி: சோதனையில் நேரும் தவறுகள் வெளியே தெரியுமா?

பதில்: அது அந்தந்த நாட்டுச் சட்டத்தைப் பொறுத்தது. கலிபோர்னியாவில் சோதனை உரிமம் பெற்ற நிறுவனம் விபத்து நேர்ந்தால் 10 நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும்; தானியங்கி ஓட்டத்தை நிறுத்திவிட்டு மனிதர் ஓட்ட நேர்ந்த தருணங்களையும் ஆண்டுதோறும் தெரிவிக்க வேண்டும் என்று அங்கே விதி வகுத்தார்கள். இரண்டாவது எண்ணிக்கையை மட்டும் வைத்து நிறுவனங்களைத் தரவரிசைப்படுத்துவது தவறு. நெரிசலான சந்திப்புகளில் சோதிப்பவருக்கு அது கூடுதலாகவும், ஆளரவமற்ற அகலச் சாலையில் ஓட்டுபவருக்குக் குறைவாகவும் இருப்பது இயல்பு. எந்தச் சாலையில், எந்த நேரத்தில், எதனால் மனிதர் தலையிட நேர்ந்தது என்ற விவரம்தான் அந்தச் சாலையில் நடப்பவர்களுக்குப் பயன்படும்.